மேலே ஒருவர் காத்திருந்தால்தான் கீழே ஒருவர் இறங்கலாம்: ஆப்போ தீவில் குடும்பத்தோடு மூச்சடக்கி முக்குளித்தல்

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வேண்டும். அருவியோ ஆறோ அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளமோ, எங்கே இறங்கினாலும் சிறிது நேரத்தில் ஒரு போட்டி தொடங்கிவிடும். தண்ணீருக்குள் யார் அதிக நேரம் மூச்சைப் பிடித்திருப்பது? மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஒன்றாக மூழ்குவார்கள். எண்ணுவதற்குக்கூட மேலே ஆள் இருக்க மாட்டார். அவர்களில் மூத்தவர், எப்படியும் ஜெயித்துவிட வேண்டும் என்று, மூழ்குவதற்கு முன் பத்துப் பதினைந்து முறை வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுக்கொள்வார்.

பார்ப்பதற்குச் சாதாரண விளையாட்டு. ஆனால் அதில் இரண்டு தவறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, அந்த வேகமான மூச்சு. மற்றொன்று, மேலே யாரும் பார்த்துக்கொண்டிருக்காதது. நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்களும் ஆழமில்லாத குளங்களில் சத்தமே இல்லாமல் மூழ்கி இறப்பதற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணங்கள்.

இதே மூச்சடக்கலை ஒழுங்கோடு கற்றுச் செய்தால் அது ஒரு கலை. காற்றுக் கலன் எதுவும் முதுகில் சுமக்காமல், ஒரே மூச்சில் கடலுக்குள் இறங்கி ஏறும் அதனை ஆங்கிலத்தில் ‘ஃப்ரீடைவிங்’ என்கிறார்கள். அண்மைக் காலமாக மலேசிய, சிங்கப்பூர்க் குடும்பங்களிலும் இதில் ஆர்வம் கூடி வருகிறது. ஒரு முகக்கண்ணாடியும் துடுப்புக் காலணியும் இருந்தால் போதும் என்பதால் செலவும் குறைவு. அப்படிப் போகும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இடங்களில் ஒன்று பிலிப்பீன்ஸின் ஆப்போ தீவு. நம்மில் பலர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

ஆப்போ எங்கே இருக்கிறது?

பிலிப்பீன்ஸின் நெக்ரோஸ் பெருந்தீவின் தென்கிழக்குக் கரையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ஆப்போ. பரப்பளவு ஏறக்குறைய 70 ஹெக்டர்தான். நம் ஊரில் ஒரு சிறிய தோட்டத்தின் ஒரு டிவிஷன் அளவு என்று சொல்லலாம். எரிமலைப் பாறையால் ஆன தீவு என்பதால் விவசாயத்துக்கு அதிக இடமில்லை. அங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழ்கிறவர்கள்.

மணிலா அல்லது செபு வழியாக டுமாகெட்டே நகருக்குச் சென்று, அங்கிருந்து தெற்கே மலாத்தாபாய் சந்தை வரை சாலைவழி போக வேண்டும். சந்தைக் கடற்கரையில், இரு பக்கமும் மூங்கில் மிதவை கட்டிய படகுகள் காத்திருக்கும். கடலின் நிலையைப் பொறுத்து அரை மணி நேரத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் தீவை அடையலாம்.

பெயரில் ஒரு குழப்பம் வரக்கூடும். பிலிப்பீன்ஸில் ஆப்போ என்ற பெயரில் ஒரு மலை இருக்கிறது. மிண்டோரோ தீவுக்கு அருகே ஆப்போ பவளப்பாறை என்று இன்னோர் இடமும் இருக்கிறது. பயணச்சீட்டு வாங்கும் முன், போவது நெக்ரோஸ் ஓரியண்டல் மாநிலத்தின் ஆப்போ தீவுதானா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கரையிலிருந்து சில மீட்டர் தூரம் நீந்தினாலே பெரிய கடலாமைகள் மேய்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். அதற்கப்பால் பவளப்பாறைகளும் மீன் கூட்டங்களும் தெரியும். இந்த வளம் அந்தக் கடலில் எப்போதும் இப்படியே இருந்ததன்று. ஒரு காலத்தில் கை நழுவிப் போய், பிறகு மீட்கப்பட்ட வளம் இது.

பதினான்கு குடும்பங்கள் வைத்த காவல்

1970களில் ஆப்போவைச் சுற்றியுள்ள கடலில் மீன் குறைந்துகொண்டே வந்தது. வெடி வைத்துப் பிடித்தார்கள். சயனைடு நஞ்சைத் தெளித்துப் பிடித்தார்கள். சின்னக் கண் வலைகளால் குஞ்சு மீன்களையும் அள்ளினார்கள். ‘முரோ ஆமி’ என்ற முறையும் வழக்கத்தில் இருந்தது. கயிற்றில் கட்டிய கற்களால் பவளப்பாறையைத் தட்டித் தட்டி மீன்களை வலைக்குள் விரட்டும் முறை அது. அந்த வேலையில் மூச்சடக்கி இறங்கியவர்களில் பலர் ஏழை வீட்டுச் சிறுவர்கள். 1986இல் பிலிப்பீன்ஸ் அரசு அதற்குத் தடை விதித்தது.

டுமாகெட்டேயில் உள்ள சிலிமன் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் அறிஞர் ஏஞ்சல் அல்காலா அந்தக் காலத்தில் ஆப்போ மக்களிடம் ஒரு யோசனையைச் சொன்னார். மீன்பிடிக்கும் இடத்தில் ஒரு சிறு பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே யாரும் வலை போடக்கூடாது. அங்கே பெருகும் மீன் வெளியே வரும், அதைப் பிடிக்கலாம் என்பதே அந்த யோசனை. பசித்த வயிற்றோடு இருப்பவரிடம் இருக்கும் கடலிலும் கொஞ்சத்தை விட்டுக்கொடு என்றால் எளிதில் ஒப்புக்கொள்வாரா? பேச்சு சில ஆண்டுகள் நீடித்தது.

கடைசியில் 14 குடும்பங்கள் ஒப்புக்கொண்டன. 1982இல் தீவின் தென்கிழக்கே, கரையோரமாக 450 மீட்டர் நீளமும் கடலுக்குள் 500 மீட்டர் தூரமும் கொண்ட பகுதியில் மீன்பிடிப்பதை நிறுத்தினார்கள். அப்போது அதற்குச் சட்டம் எதுவும் இல்லை. அந்த 14 குடும்பங்களே முறை வைத்துக் காவல் காத்தன. கரையில் ஒருவர் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதுமானதாக இருந்தது. அந்த அளவுக்கு அந்த இடம் சிறியது.

சில ஆண்டுகளில் மீன் பெருகுவதைத் தீவு மக்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். 1985இல் தீவே ஒன்றுசேர்ந்து அதனை ஏற்றுக்கொண்டது. உள்ளூராட்சியின் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. காப்பகத்துக்கு வெளியே மீன்பிடிக்கலாம், ஆனால் வெடியும் நஞ்சும் கூடாது என்று விதி வந்தது. 1994இல் தேசிய அளவிலான பாதுகாக்கப்பட்ட பகுதியாகத் தீவு அறிவிக்கப்பட்டது. அல்காலாவும் ஆஸ்திரேலிய அறிஞர் கேரி ரஸ்ஸும் 1983 முதல் பல ஆண்டுகள் நீருக்கடியில் இறங்கி மீன்களை எண்ணி வந்தார்கள். காப்பகத்துக்குள் களவா போன்ற பெரிய வேட்டை மீன்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடியதை அவர்களின் கணக்கு காட்டியது. அல்காலாவுக்கு 1992இல் ரமோன் மக்சேசே விருது கிடைத்தது. 2023இல் அவர் காலமானார்.

காவல் விலகினால் என்ன ஆகும் என்பதற்கும் அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. செபுவுக்குத் தெற்கே உள்ள சுமிலோன் தீவில் 1974லேயே இப்படி ஒரு காப்பகம் தொடங்கப்பட்டது. 1980களில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, காப்பகத்துக்குள்ளேயே மீன்பிடித்தார்கள். அதன் பிறகு அந்தத் தீவைச் சுற்றி மொத்தமாகக் கிடைத்த மீனே குறைந்துபோனது. பிடிக்கும் இடம் கூடியும் கிடைக்கும் மீன் குறைந்தது.

ஆப்போவுக்கும் சோதனை வராமல் இல்லை. 2011 டிசம்பரிலும் 2012 டிசம்பரிலும் அடுத்தடுத்து வீசிய புயல்கள் காப்பகப் பகுதியின் பவளப்பாறைகளை நொறுக்கிப் போட்டன. இருந்தும் தீவு மக்கள் காவலைக் கைவிடவில்லை. இன்று அங்கே செல்லும் குடும்பங்கள் பார்க்கும் ஆமையும் மீனும், யாரோ ஒருவர் கரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் கிடைத்தவை. மூச்சடக்கி இறங்குவோரின் உயிருக்கும் அதே காவல்தான் தேவைப்படுகிறது.

மூச்சை அடக்கும்போது உடலில் என்ன நடக்கிறது?

முகம் குளிர்ந்த நீரில் பட்டு மூச்சும் நின்றவுடன் உடல் தானாகவே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்கிறது. இதயத் துடிப்பு மெதுவாகிறது. கை, கால்களுக்குப் போகும் ரத்தம் குறைந்து, மூளைக்கும் இதயத்துக்கும் முன்னுரிமை கிடைக்கிறது. மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை ரத்தத்தில் கலக்கிறது. திமிங்கிலத்துக்கும் கடல்நாய்க்கும் உள்ள இதே இயல்பு, சிறிய அளவில் நமக்கும் இருக்கிறது.

நமது சபாவின் செம்பூர்ணா கடலிலும் இந்தோனேசியாவிலும் பிலிப்பீன்ஸிலும் வாழும் பஜாவ் மக்கள் இந்த மூச்சடக்கலுக்குப் பேர்போனவர்கள். இந்தோனேசியாவில் வாழும் பஜாவ் மக்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. அருகில் தரையில் வாழும் மக்களைவிட அவர்களின் மண்ணீரல் ஏறக்குறைய 50 விழுக்காடு பெரியது என்றும் அது மரபணுவோடு தொடர்புடையது என்றும் அந்த ஆய்வு கண்டறிந்தது. அவர்கள் இறங்குவதைப் பார்த்துவிட்டு, அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும் என்று நினைப்பது தவறு.

வேகமாக மூச்சு வாங்குவது ஏன் ஆபத்து?

மூச்சை அடக்கிச் சிறிது நேரத்தில் நெஞ்சு தவிக்கத் தொடங்கும். உடனே மூச்சு விட வேண்டும் என்று உடல் கெஞ்சும். உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், தீர்ந்துவிட்டதால்தான் அந்தத் தவிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவன்று. ரத்தத்தில் கரிவளி கூடுவதுதான் அந்தத் தவிப்புக்குக் காரணம். கரிவளியின் அளவு ஏறும்போது மூளை எச்சரிக்கை மணி அடிக்கிறது. பொதுவாக அந்த மணி அடிக்கும் நேரத்தில் உயிர்வளி ஓரளவு மிச்சமிருக்கும். அதனால்தான் நாம் பிழைக்கிறோம்.

மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் என்ன ஆகும்? கரிவளி பெருமளவு வெளியேறிவிடும். ஆனால் உயிர்வளி அதற்கேற்பக் கூடுவதில்லை. நலமாக இருப்பவரின் ரத்தம் ஏற்கெனவே ஏறக்குறைய முழு அளவில் அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. அதாவது, எரிபொருள் கூடவில்லை. எரிபொருள் தீர்வதைச் சொல்லும் மணியை மட்டும் கழற்றி வைத்துவிட்டோம். தவிப்பு வருவதற்குள் உயிர்வளி தீர்ந்து மயக்கம் வந்துவிடும்.

அந்த மயக்கத்துக்கு முன்னறிவிப்பு இருக்காது. கை தட்டி உதவி கேட்க மாட்டார், அலற மாட்டார், தண்ணீரை அடித்துப் போராட மாட்டார். பார்ப்பவருக்கு அவர் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருப்பது போலவே தோன்றும். குளத்தின் ஓரத்தில் பெற்றோர் உட்கார்ந்திருக்கும்போதே பிள்ளைகள் இப்படிப் போய்விடுவதற்கு இதுதான் காரணம்.

கடைசிச் சில மீட்டர்

கடலில் இன்னோர் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மேற்பரப்பைவிட இரண்டு மடங்கு. நுரையீரலில் உள்ள காற்று பாதியாகச் சுருங்குகிறது. அந்த அழுத்தமே உயிர்வளியை ரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டிருப்பதால், கீழே இருக்கும்வரை எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். ஏறத் தொடங்கியதும் அழுத்தம் குறைகிறது. அதோடு சேர்ந்து, மிச்சமிருக்கும் உயிர்வளி மூளைக்குப் போய்ச் சேரும் வேகமும் குறைகிறது. அதனால் மயக்கம் பெரும்பாலும் அடியில் வருவதில்லை. மேலே வரும் கடைசிச் சில மீட்டரிலும், தலை வெளியே வந்து மூச்சு வாங்கிய பின்னும்கூட வருகிறது. வாங்கிய மூச்சு மூளைக்குப் போய்ச் சேரச் சில வினாடிகள் பிடிக்கும் அல்லவா?

ஆகவே மேலே வந்துவிட்டார், இனிக் கவலையில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது தவறு. மேலே வந்தவரை அதன் பிறகும் 30 வினாடிகள் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் வலியுறுத்துகிறார்கள்.

இதில் நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் உண்டு. மயங்கியவுடன் தொண்டையின் மூச்சுவழி பெரும்பாலும் சிறிது நேரம் இறுக மூடிக்கொள்கிறது. தண்ணீர் உடனே நுரையீரலுக்குள் போவதில்லை. அந்தச் சிறிது நேரத்துக்குள் ஒருவர் பிடித்து மேலே கொண்டுவந்து முகத்தை வெளியே வைத்துவிட்டால், பலர் சில வினாடிகளில் கண் விழித்துவிடுகிறார்கள். அதே மயக்கம், அருகில் யாரும் இல்லாத இடத்தில் வந்தால் சில நிமிடங்களில் உயிரைக் கொண்டுபோய்விடும்.

மச்சான் பிடித்த கயிறு

தமிழர்களுக்கு இந்தப் பாடம் புதியதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த நம் முன்னோர் மூச்சடக்கி இறங்கியவர்கள்தான். கல்லைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கும் குளியாளுக்கு மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழிருந்து கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும். ஒரு நொடி கவனம் சிதறினாலும் கீழே இருப்பவர் உயிர் போய்விடும்.

அந்தக் கயிற்றை யாரிடம் கொடுப்பது? மனைவியின் உடன்பிறந்தவரிடம், அதாவது மச்சானிடம் கொடுப்பார்கள் என்று கடலோர மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலியை இழந்துவிடக்கூடாது என்ற கவலை அவருக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் இருக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

இன்றைய பயிற்சி வகுப்புகளில் முதல் நாளே சொல்லப்படும் விதியும் இதுவே. ஒருவர் கீழே என்றால் ஒருவர் மேலே. இருவரும் சேர்ந்து இறங்கக்கூடாது. தனியாக ஒருபோதும் இறங்கக்கூடாது. குடும்பத்தோடு செய்வதற்கு இந்தக் கலை ஏற்றது என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். ஒருவர் மேல் ஒருவருக்கு அக்கறை இருக்கும் இடத்தில்தான் இந்த விதி வெறும் விதியாக நின்றுவிடாது.

குடும்பமாக எப்படி இறங்குவது?

தைப்பிங்கிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ ஒரு குடும்பம் ஆப்போவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பதினாறு வயது மகள், ஒன்பது வயது மகன்.

புறப்படும் முன்னரே பெரியவர்கள் இருவரும் மகளும் முறையான வகுப்புக்குப் போவது முதல் வேலை. காணொளியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கலை இதுவன்று. அனைத்துலகப் பயிற்சி அமைப்புகளில் ஒன்றான பி.ஏ.டி.ஐ., குளத்தில் மட்டும் நடக்கும் அடிப்படை வகுப்புக்குக் குறைந்தது 12 வயதும் கடலில் இறங்கும் வகுப்புக்கு 15 வயதும் ஆகியிருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. ஆகவே ஒன்பது வயது மகன் மூச்சடக்கி இறங்க வேண்டியதில்லை. மிதவை உடை அணிந்து, ஸ்நோர்க்கல் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு, மேலே மிதந்தபடியே ஆமையைப் பார்க்கலாம். ஆப்போவில் ஆமைகள் ஆழமில்லாத இடத்திலேயே மேய்வதால் அவனுக்கு எந்தக் குறையும் இருக்காது.

ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை சிகிச்சை ஆகியவை இருந்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. சளி பிடித்திருக்கும் நாளில் யாருமே இறங்கக்கூடாது.

தீவில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எங்கே நீரோட்டம் பலமாக இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். ஆப்போவின் சில முனைகளில் நீரோட்டம் தேர்ந்த முக்குளிப்பாளர்களையே இழுத்துச் செல்லும் அளவுக்கு வேகமானது. குடும்பத்துக்கு ஏற்றது கரையோரத்தின் அமைதியான, ஐந்து மீட்டருக்கும் குறைவான ஆழமே.

தண்ணீரில் இறங்கிய பின் வரிசை இப்படி இருக்க வேண்டும். மகள் இறங்கப் போகிறார் என்றால், அம்மா மேலே மிதந்தபடி முகத்தை நீருக்குள் வைத்து அவரையே பார்க்கிறார். அப்பா மகனோடு இருக்கிறார். மகள் முதலில் இரண்டு நிமிடம் சாதாரணமாக, மெதுவாக மூச்சு விட்டு உடலைத் தளர்த்திக்கொள்கிறார். வேகமான மூச்சு கிடையாது. கடைசியாக ஒரு முழு மூச்சு எடுத்து, ஸ்நோர்க்கலை வாயிலிருந்து எடுத்துவிட்டு இறங்குகிறார். தவிப்பு தொடங்கும் முன்பே திரும்புகிறார். மேலே வந்ததும் இரண்டு மூன்று முறை நன்றாக மூச்சு வாங்கி, நலம் என்று கையால் சைகை காட்டுகிறார். அதன் பிறகும் அம்மா 30 வினாடிகள் கண்ணெடுப்பதில்லை.

கீழே இருந்த நேரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் மேலே ஓய்வெடுத்த பிறகுதான் மகள் மீண்டும் இறங்கலாம். அந்த இடைவேளையில் அம்மா இறங்க நினைத்தால், மேலே காவல் மகளுடையது. எடைப் பட்டை புதியவர்களுக்கு வேண்டாம். மயங்கினாலும் உடல் தானாக மிதக்க வேண்டும். கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு படமெடுப்பவரைக் காவலாகக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அவர் கண் திரையில் இருக்கும், பிள்ளைமேல் இருக்காது.

ஒருவேளை மயக்கம் வந்துவிட்டால், உடனே பிடித்து மேலே கொண்டுவந்து, முகத்தை நீருக்கு வெளியே வைத்து, முகக்கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கன்னத்தைத் தட்டி, முகத்தில் ஊதி, பெயரைச் சொல்லி ‘மூச்சு விடு’ என்று கூப்பிட வேண்டும். சில வினாடிகளில் மூச்சு வராவிட்டால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, கரையேற்றி, இதய இயக்க மீட்பு முதலுதவியைத் தொடர வேண்டும். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995, பிலிப்பீன்ஸில் 911 அவசர எண்கள். கண் விழித்துவிட்டாலும் அன்று மீண்டும் தண்ணீரில் இறங்கக்கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த முதலுதவியை வகுப்பில் கையால் செய்து பழகியிருப்பவரால்தான் அந்த நேரத்தில் பதறாமல் செய்ய முடியும்.

காதைக் காப்பது

புதியவர்கள் முதலில் உணர்வது மூச்சுத் தவிப்பை அன்று, காது வலியைத்தான். ஓரிரு மீட்டர் இறங்கினாலே செவிப்பறை உள்நோக்கி அழுந்தும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காற்றைக் காதுப் பக்கம் தள்ளினால் அழுத்தம் சமமாகும். இதை வலி வந்த பிறகு செய்யக்கூடாது. இறங்கத் தொடங்கிய முதல் மீட்டரிலிருந்தே செய்துகொண்டு வர வேண்டும். காது அடைத்துக்கொண்டால் பலமாக ஊதாமல் மேலே வந்துவிட வேண்டும். கட்டாயப்படுத்தினால் செவிப்பறை கிழியும்.

நீச்சல் குளத்தில் போடும் சிறிய கண்ணாடியோடு இறங்கவும் கூடாது. மூக்கையும் சேர்த்து மூடும் முகக்கண்ணாடியில்தான் மூக்கின் வழியே காற்றை விட்டு உள்ளிருக்கும் அழுத்தத்தைச் சரிசெய்ய முடியும். சிறிய கண்ணாடி கண்ணை இழுத்து ரத்தம் கட்டச் செய்துவிடும்.

ஆமைக்கும் மூச்சு வேண்டும்

ஆப்போவில் அதிகம் காணப்படுவது பேராமை எனப்படும் பச்சைக் கடலாமை. ரெடாங் தீவிலும் சரவாக்கின் தாலாங் தாலாங் தீவுகளிலும் முட்டையிட வரும் அதே இனம். பாசியையும் கடல் புல்லையும் மேயும். தண்ணீரில் வாழ்ந்தாலும் அதற்குச் செவுள் இல்லை, நம்மைப்போல் நுரையீரல்தான். மேயும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மீண்டும் கீழே போக வேண்டும்.

அப்படி மேலே வரும் ஆமையின் தலைக்கு மேல் நாலைந்து பேர் கூடிப் படமெடுத்துக்கொண்டிருந்தால், அது மூச்சு வாங்க முடியாமல் திசை மாறி ஓடும். ஒரே மூச்சில் இறங்கி ஏறியவருக்கு அந்த அவதி எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே ஆமைக்கு நேர் மேலே மிதக்கக்கூடாது. பக்கவாட்டில் சில மீட்டர் தள்ளி இருந்து பார்க்க வேண்டும். தொடுவதும் துரத்துவதும் கூடாது. வரிகள் கொண்ட கடற்பாம்புகளும் அங்கே உண்டு. அவை நஞ்சுள்ளவை, ஆனால் சீண்டாதவரை நம்மைச் சீண்டுவதில்லை. பவளப்பாறையின் மேல் நிற்பதும் துடுப்புக் காலணியால் உதைப்பதும் பல ஆண்டு வளர்ச்சியை ஒரே உதையில் உடைப்பதாகும்.

நம் கடலில்

பிலிப்பீன்ஸ் வரை போக முடியாதவர்களுக்கு நம் கரையிலேயே இடங்கள் உண்டு. தீபகற்ப மலேசியாவில் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்படும் கடல் பூங்காத் தீவுகளைச் சுற்றி இரண்டு கடல் மைல் தூரத்துக்கு மீன்பிடிக்கத் தடை இருக்கிறது. கெடா கடலில் உள்ள பாயார் தீவும் அவற்றில் ஒன்று. சிங்கப்பூரில் 2014இல் சகோதரித் தீவுகள் முதல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அங்கெல்லாம் தனித்தனி விதிமுறைகள் உள்ளதால், இறங்கும் முன் பூங்கா அதிகாரிகளிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடலுக்கே போகாத குடும்பங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை அருவியிலோ குளத்திலோ பிள்ளைகள் மூச்சுப் பிடிக்கும் போட்டியைத் தொடங்கினால், அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்ப வேண்டாம். வேகமாக மூச்சு வாங்கும் பழக்கத்தை அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எதற்காக நிறுத்தச் சொல்கிறீர்கள் என்பதையும் பிள்ளைகளுக்குப் புரியும்படி விளக்குங்கள். பிறகு தண்ணீருக்குள் இறங்கி, ஒருவர் மூழ்கும்போது அவர் பக்கத்தில் நில்லுங்கள். ஆப்போவின் 14 குடும்பங்கள் கரையில் அமர்ந்து செய்ததும், மன்னார் கடலில் மச்சான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு செய்ததும் அதைத்தான்.